மௌஸ் கேர்சர் தன்பாட்டில பாயுது, புது மௌஸ் எடுக்கத்தான் வேணுமோ?

கொக்குவில் ஸ்ரூடியோ:
வணக்கம் எல்லாருக்கும். நான் கலியாண வீட்டு அல்பம் டிசைன் பண்ணுறனான், வயர்லெஸ் மௌஸ்தான் பாவிக்கிறது. இப்ப கொஞ்ச நாளா கேர்சர் சொல்வழி கேக்குதில்லை, பொம்பிளையின்ர தலைமயிரைச் சுத்தி வெட்டிக்கொண்டு வரேக்க டக்கெண்டு மூலைக்குப் பாயுது, பிறகு விக்கி விக்கி வருது. புது பற்றறி போட்டாச்சு, விண்டோசையும் அப்டேற் பண்ணியாச்சு, சரிவரேல்லை. வேண்டின கடையில கேட்டா புதுசு எடுங்கோ எண்டுறாங்கள். அதுக்கு முதல் பாக்கக்கூடியது ஏதும் இருக்கோ? மேசைக்கு மேல கண்ணாடி போட்டிருக்கு, லப்டொப்பில எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க் எந்த நேரமும் குத்தினபடிதான்.

பனங்கொட்டை:
தம்பி, கண்ணாடி எண்டு நீரே சொல்லிப்போட்டீர். மௌசுக்குக் கீழ இருக்கிறது ஒரு சின்னக் கமரா, செக்கனுக்கு ஆயிரத்துக்கு மேல படம் எடுத்து முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாத்துத்தான் கேர்சரை நகர்த்தும். கண்ணாடியில பாக்க ஒண்டுமில்லை, வெளிச்சம் அப்பிடியே உள்ளுக்க போயிடும். உதயன் பேப்பரை மடிச்சு கீழ வைச்சு ஓட்டிப் பாரும். மற்றது மௌசைப் பிரட்டி அந்த ஓட்டைக்குள்ள ஒரு மயிர் கிடக்கோ எண்டும் பாரும், ஒரு மயிர் காணும் ஆட்டங்காட்ட.

கொக்குவில் ஸ்ரூடியோ:
நன்றி அண்ணை, பேப்பர் வைச்சுப் பாத்தன், விக்கிறது நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆனா படங்களை ஹாட் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணேக்க மட்டும் திரும்பப் பாயுது.

வயர்மன்:
கொப்பி பண்ணேக்க மட்டும் எண்டா மௌசில பிழை இல்லை, புதுசு எடுத்தாலும் இதே கதைதான். யுஎஸ்பி 3 போர்ட், அந்த நீலக் கலர் உள்ளது, அதில டேட்டா ஓடேக்க 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும், உங்கட மௌஸ் றிசீவர், லப்டொப்பில குத்துற அந்தச் சின்னத் துண்டு, கதைக்கிறதும் அதே 2.4 இலதான். இன்ரெல் கொம்பனியே 2012 இல இதைப் பற்றி எழுதி வைச்சிருக்கு. றிசீவரை ஹாட் டிஸ்க்குக்குப் பக்கத்தில குத்தாமல் மற்றப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாத்துங்கோ, இல்லாட்டி ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்ரென்ஷன் வயர் போட்டு மௌசுக்குக் கிட்ட கொண்டுவாங்கோ. ஹாட் டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு ஒருக்கா ஓட்டினா உடன தெரிஞ்சிடும்.

இன்னொண்டு, மௌசின்ர சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு கையை எடுங்கோ. அப்பவும் கேர்சர் அசைஞ்சா அது டச்பாட்டின்ர வேலை. சார்ஜரை எர்த் இல்லாத பிளக்கில குத்தினா சில லப்டொப்பில அப்பிடி வரும். எங்கட ஆக்கள் ரெண்டு பின் பிளக்கை சதுரப் பின் சொக்கற்றுக்க பேனையால குத்தித் திறந்து செருகுறதை எத்தினை வீட்டில பாத்திட்டன், அதை மட்டும் செய்யாதேங்கோ.

நல்லூரான்:
இவ்வளவு கரைச்சல் ஏன், வயர் மௌஸ் ஒண்டு வேண்டினா அலுவல் முடிஞ்சுது. பற்றறியும் தேவையில்லை.

பனங்கொட்டை:
வயர் மௌசும் கண்ணாடியில பாயும் ஐயா.

கொக்குவில் ஸ்ரூடியோ:
வயர்மன் அண்ணை சொன்னது சரி, ஹாட் டிஸ்க்கைக் கழட்டின உடன ஒரு பாய்ச்சலும் இல்லை. றிசீவரை மற்றப் பக்கம் மாத்தி, திரும்பக் குத்தி கொப்பி போட்டுவிட்டு ஒரு பக்கம் டிசைன் செய்து பாத்தன், இடைக்கிடை லேசா ஒருக்கா இழுக்குது, முந்தின மாதிரி இல்லை. மௌசை நிப்பாட்டியும் பாத்தன், கேர்சர் அசையேல்லை. ஆனா சார்ஜ் போட்டிருக்கேக்க லப்டொப்பின்ர இரும்புப் பக்கத்தைத் தொட்டா கையில சுள்ளெண்டு ஒரு மாதிரி இருக்கு, அது பறவாயில்லையோ?

வயர்மன்:
சுள்ளெண்டுறது அனேகமா சார்ஜர் அடப்ரரில இருந்து கசியிற சின்னக் கரண்ட், எர்த் இல்லாட்டி அது போக வழியில்லாமல் லப்டொப்பின்ர இரும்புப் பொடியில நிக்கும். சில அடப்ரருக்கு எர்த் பின்னே இல்லை, அதிலயும் இப்பிடி வரும். எண்டாலும் எங்கட கரண்ட் 230 வோல்ட், சும்மா விடாதேங்கோ, சொக்கற்றை நீங்கள் கழட்டாமல் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் பாக்கச் சொல்லுங்கோ. மிச்சம் இருக்கிற இழுவைக்கு எக்ஸ்ரென்ஷன் போடுங்கோ, அரை மீற்றர் காணும், பழைய யுஎஸ்பி 2 வயரே போதும். ஹாட் டிஸ்க்கின்ர வயரும் மலிவானது எண்டா அதையும் ஒருக்கா மாத்திப் பாருங்கோ, கவசம் ஒழுங்கா இல்லாத வயர்தான் கூட இரையிறது.