ஹாரியும் சாலியும் சேர்ந்தது யார் முடிவு?

டூரிங்டாக்கீஸ்: “ஆணும் பெண்ணும் வெறும் நண்பர்களா இருக்க முடியாதுன்னு 1989லயே நிரூபிச்ச படம் ‘வென் ஹாரி மெட் சாலி’”ன்னு ஒரு மேதை எழுதியிருக்கார். படத்தை எழுதின நோரா எஃப்ரான் இதுக்கு முதல்ல எழுதின திரைக்கதையில ஹாரியும் சாலியும் சேரவே இல்ல! டைரக்டர் ராப் ரைனர் விவாகரத்தாகித் தனியா இருந்தவர். படப்பிடிப்பு நடக்கும்போது, பின்னால தனக்கு மனைவியான மிஷேல் சிங்கரைச் சந்திச்சார், கிளைமாக்ஸை மாத்திட்டார். அவர் வீட்டு விசேஷம் ஊருக்கெல்லாம் சட்டமா?

வாசு70எம்எம்: மேதை நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். புத்தாண்டு ராத்திரி ஓடி வர்றான், முத்தம், கல்யாணம். திரையில வந்ததுதான் படம்.

டூரிங்டாக்கீஸ்: முதல் திரைக்கதையில சேரல.

வாசு70எம்எம்: பேப்பரை யாரு சார் டிக்கெட் வாங்கிப் பார்த்தா?

நிலாமதி: முடிவை விடுங்கப்பா. ராத்திரி ஆளுக்கொரு வீட்டுல படுத்துக்கிட்டு, ஃபோன்ல பேசிக்கிட்டே டிவியில ‘காசபிளாங்கா’ படம் பார்ப்பாங்களே! திரையை ரெண்டாப் பிரிச்சு, ஒரே கட்டில்ல படுத்த மாதிரி இருக்கும். அப்பவே தெரியலையா? அந்த ஹோட்டல் சீன்ல “எனக்கும் அதையே கொண்டாங்க” வசனமும் நோராவோடதுதான், என்னா எழுத்து!

டூரிங்டாக்கீஸ்: தப்பு. அது ஹாரியா நடிச்ச பில்லி கிரிஸ்டல் கொடுத்த வசனம். பேசினது டைரக்டரோட அம்மா எஸ்டெல் ரைனர். இதுகூடத் தெரியாம நோரா ரசிகையாம். முதல் திரைக்கதையில...

நிலாமதி: சேரல, சேரல. மனப்பாடம் ஆயிடுச்சு. ரசிகையா இருக்க உங்ககிட்ட பரீட்சை எழுதணுமா?

கொட்டாய்மகேஸ்: எதுக்கு அமெரிக்கா வரைக்கும்? நம்ம ‘பிரியமான தோழி’ (2003) இருக்கே. மாதவனும் ஸ்ரீதேவியும் கடைசி வரைக்கும் நண்பர்கள்தான்.

வாசு70எம்எம்: விக்ரமன் படமா? இப்ப எல்லாரும் ஒண்ணா நின்னு லாலாலா பாடணுமா?

கொட்டாய்மகேஸ்: எஸ்.ஏ.ராஜ்குமார் மியூசிக்கைத் தொடாதீங்க. போன தீபாவளிக்கும் இப்படித்தான் எகத்தாளம் பண்ணீங்க, நான் மறக்கல.

டூரிங்டாக்கீஸ்: பேச்சை மாத்தாதீங்க வாசு. எழுதினவங்க சேர்க்கல. பதில் சொல்லுங்க.

வாசு70எம்எம்: எழுதினவங்கதான் மாத்தியும் எழுதினாங்க. அதுவும் நோராதான்.

டூரிங்டாக்கீஸ்: டைரக்டருக்குக் கல்யாண யோகம் வந்ததால! அவர் மிஷேலைச் சந்திக்காம இருந்திருந்தா?

வாசு70எம்எம்: சந்திச்சுட்டாரே.

கொட்டாய்மகேஸ்: முதல்ல அந்த லாலாலாவுக்கு மன்னிப்புக் கேளுங்க.

வாசு70எம்எம்: லாலாலா.