"இன்னும் முடியலையே": குழந்தை போக்கில் விடும் பள்ளி, வழக்கமான பள்ளி பற்றிச் சிலரின் அனுபவங்கள்

ஒரு அம்மா:
என் மகள் ஆறு வயதுவரை மாண்டிசோரி வகுப்பில் இருந்தாள். அங்கே குழந்தை தானே வேலையைத் தேர்ந்தெடுத்துத் தன் வேகத்தில் செய்யும். அப்புறம் வழக்கமான பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. சேர்த்த இரண்டாம் வாரமே டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "கணக்கு பீரியட் முடிந்தாலும் நோட்டை மூட மாட்டேன் என்கிறாள். கேட்டால் 'இன்னும் முடியலையே' என்கிறாள். ரொம்ப அடம்."

எனக்கு அது அடமாகப் படவில்லை. பழைய வகுப்பில் காலை மூன்று மணி நேரம் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். ஒருநாள் அழைத்துவரப் போனபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கோபுரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மொத்தம் பத்துக் கட்டைகள். பெரியது 10 செ.மீ., சிறியது 1 செ.மீ. ஏழாவதின் மேல் ஒன்பதாவதை வைத்துவிட்டாள். உச்சிவரை அடுக்கியபின் தரையில் ஒரு கட்டை மிஞ்சிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார், அசையவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. கடைசியில் அவளே மேலிருந்த இரண்டை இறக்கிவிட்டுச் சரியாக வைத்தாள்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி தன் முதல் பள்ளியை 1907இல் ரோமில் தொடங்கினார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாளாம். நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் நிறுத்தவில்லை, நாற்பது தடவைக்கு மேல் செய்தாள் என்று அவரே எழுதியிருக்கிறார். என் மகளும் அந்த ரகம்தான்.

வகுப்பாசிரியை ஒருவர்:
மேலே எழுதிய அம்மாவுக்கு: நான் அந்த 'அடம்' டீச்சர்களின் கட்சி. என் வகுப்பில் 42 பேர், பீரியட் 40 நிமிடம். ஒருத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்த டீச்சர் வாசலில் வந்து நிற்பார்.

ஆனாலும் நான்கு வாரம், வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடைக் குழந்தைகளின் விருப்பப்படி விட்டுப் பார்த்தேன். முதல் ரேங்க் வாங்கும் பையன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, "அடுத்து என்ன செய்யணும் மிஸ்?" என்று கேட்டான். அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்னொருத்தி நான்கு வாரமும் படம்தான் வரைந்தாள், கழித்தல் கணக்கின் பக்கமே போகவில்லை. குழந்தை போக்கில் விடுவது என்றால் சும்மா விடுவது இல்லை, யார் எதைத் தொடவே இல்லை என்று ஆசிரியர் குறித்துவைத்துத் தக்க சமயத்தில் அதை முன்னால் வைக்க வேண்டும். 42 பேருக்கு என்னால் அது முடியவில்லை.

ஒரு அப்பா:
என் மகன் படித்தது, வகுப்புக்குப் போவதே விருப்பம் என்கிற பள்ளியில். 1921இல் ஏ. எஸ். நீல் என்ற கல்வியாளர் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியைப் பார்த்து வந்த வகை. ஒன்பது வயதுவரை அவனுக்கு வாசிக்கத் தெரியாது. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனேன். பிறகு ஒரு விளையாட்டின் விதிகளைப் படிப்பதற்காகச் சில மாதத்தில் தானே கற்றுக்கொண்டான். எழுத்துப்பிழை மட்டும் இன்னும் போகவில்லை. அந்த ஒன்பது வருடம் நான் தூங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் எழுதிய அம்மா:
டீச்சர் சொன்னது நியாயம்தான். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. அவளைப் பற்றிப் புகார் வந்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஆறு பக்கங்கள் பாதியில் நின்றிருந்தன. "முடிக்கலையா?" என்றேன்.

"மணி அடிச்சிடுச்சேம்மா" என்றாள்.