பிட்காயின் நோடுக்கு ராஸ்பெரி பை 5 (சின்ன ஒற்றைப் பலகைக் கணினி) வாங்கலாமா, இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசியா?

வணக்கம். வீட்டில் சொந்தமாக ஒரு பிட்காயின் முழு நோடு (பரிவர்த்தனைப் பதிவு முழுவதையும் தானே சரிபார்க்கும் கணினி) ஓட்ட ஆசை. மூன்று வாரமாகியும் முதல் ஒத்திசைவே, அதாவது பழைய பதிவு முழுவதையும் இறக்கிச் சரிபார்ப்பதே, முடியவில்லை.

இருப்பது பத்து வருடப் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், யூஎஸ்பியில் 1 டிபி ஹார்ட் டிஸ்க். நோடு மென்பொருளான பிட்காயின் கோர் 60 சதவீதம் வரை போனது. அப்புறம் நாளுக்கு ஒரு சதவீதம்கூட நகரவில்லை. டிஸ்க் மட்டும் ஓயாமல் கரகரக்கிறது. செயின்ஸ்டேட்டை (இன்னும் செலவாகாத காயின்களின் பட்டியல்) துண்டு துண்டாக வாசித்து எழுத, சுழலும் டிஸ்க் ஈடுகொடுக்காது என்று இப்போது புரிகிறது.

கேபிள் மாற்றினேன். டிபிகேச்சை (பிட்காயின் கோர் தற்காலிகத் தரவுக்கு எடுக்கும் ரேம்) 2000 எம்பி ஆக்கினேன், ரேம் நிரம்பி, டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் போய் இன்னும் மெதுவானது. போன வாரம் கரண்ட் போனதில் தரவு பழுதாகி, ரீஇண்டெக்ஸ் (இறக்கிய பிளாக்குகளை மறுபடி சரிபார்ப்பது) முதலிலிருந்து ஓடுகிறது (லேப்டாப் பேட்டரி எப்போதோ போய்விட்டது). என் வாலட் இணைய எலெக்ட்ரம் சர்வரும் வேண்டும் என்பதால் ப்ரூன் செய்ய (பழைய பிளாக்குகளை அழிக்க) விருப்பமில்லை.

2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கியாயிற்று. இடம் மதுரை, 100 எம்பிபிஎஸ் ஃபைபர், சின்ன யூபிஎஸ் இருக்கிறது. மீதி பட்ஜெட் 15,000 ரூபாய். 8 ஜிபி ராஸ்பெரி பை 5 என்றால் என்விஎம்இ ஹேட் (எஸ்எஸ்டியைப் பொருத்தும் பலகை), பவர் சப்ளை, ஃபேன் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். கூட்டினால் மினி பிசி விலையை நெருங்கிவிடுகிறது.

24 மணி நேரமும் ஓட, மதுரை வெயிலையும் தாங்க, இந்த இரண்டில் எதை வாங்கலாம்?