சவூதியில் வில்லாவும் காரும், இங்கே பேருந்தும் நடைபாதையும்: எதைத் தேர்வது?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். என் கணவர் பதினொரு ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் பொறியாளராக இருக்கிறார். இப்போது சவூதியின் ஜுபைலில் ஒரு நிறுவனம் அவரை அழைக்கிறது. நீச்சல் குளமுள்ள காம்பவுண்டில் (வெளிநாட்டவர் வாழும் மதில் சூழ்ந்த குடியிருப்பில்) நான்கு படுக்கையறை வில்லா, கார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொருமுறை திருச்சிக்கு விமானச் சீட்டு என எல்லாம் தருகிறார்கள்; சம்பளத்துக்கு வருமான வரியும் கிடையாது. இங்கு நாங்கள் நால்வரும் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறோம். கார் என்ற பேச்சை எடுத்தால், கார் வைத்திருக்க வாங்க வேண்டிய, பத்து ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியாகும் உரிமைச் சான்றிதழின் விலையைக் கேட்டதும் அடங்கிவிடுகிறோம்.

என்னைத் தடுப்பது ஒரு சிறிய காட்சி. பதினான்கு வயது மகள் சனிக்கிழமைகளில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நாடகப் பயிற்சி முடித்து, தோபி காட் ரயில் நிலையத்தில் ரயில் மாறி, இரவு ஒன்பதரைக்குத் தனியாக வீட்டுக்கு வருகிறாள். நிலையத்தில் இறங்கியதும், "பால் இருக்கா, வாங்கணுமா?" என்று செய்தி அனுப்புவாள். அந்நேரத்தில் அவள் சாப்பிட்டாளா என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இருந்ததில்லை. இதற்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

கிழக்கு மாகாணத்தான்:
நான் 2010 முதல் 2019 வரை ஜுபைலில் குடும்பத்துடன் இருந்தேன். அங்கே பயந்து பயந்து வாழ வேண்டியிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பது ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஒரு செருப்புகூடக் களவு போகவில்லை. எனக்கு நடுக்கம் தந்தது தம்மாம் நெடுஞ்சாலை மட்டும்தான்.

ஆனால் தனியாகப் போவது என்ற ஒன்று அங்கே அநேகமாக இல்லை. 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வரும்வரை, என் மனைவி வெங்காயம் வாங்கவும் வாரத்தில் இரு நாள் வரும் காம்பவுண்டு பேருந்துக்காகக் காத்திருப்பார், அல்லது நான் ஆலையிலிருந்து வர வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இராது. மகளுக்கு இருக்கும். கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயிலில் பதினான்கு வயதுப் பெண் எங்கே நடந்து போவாள்? என் மகனுக்குப் பதினைந்து வயதுவரை நான்தான் ஓட்டுநர். அவன் நண்பர்களின் வீடுகளுக்குள் அவனைவிட நான் அதிகம் உட்கார்ந்திருக்கிறேன்.

பிற சமயத்தவர் பொதுவெளியில் வழிபட முடியாது என்பதால், பொங்கலைக் காம்பவுண்டு மண்டபத்தில் மின் அடுப்பில் பொங்க வைத்தோம். கோயில் வேண்டுமென்றால் கடற்பாலத்தைக் கடந்து பஹ்ரைன் போவோம். அதற்கு வெளியேறித் திரும்பும் விசா கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, உடன் வரும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு. மூவருக்கு 1,200 ஆகிறது; அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

தேக்காக்காரி:
நான் இங்கேயே பிறந்தவள். உங்கள் மகளின் இரவுப் பயணம் எனக்கும் பெருமைதான். என் அம்மா இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து வந்தே என்னை வளர்த்தார். ஆனால் அதைச் சுதந்திரம் என்று முழுவதுமாகச் சொல்லிவிடத் தயங்குகிறேன். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கோரிக்கைக்காக ஒருவர் தனியாகப் பதாகை ஏந்தி நிற்கவும் அனுமதி தேவை. விதிவிலக்கு ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. அங்கும் கூட்டத்தை ஏற்பாடு செய்யக் குடிமக்களால்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா எனும் தேக்காவில் திரளும் நம் ஊர் தொழிலாளர்களும் இதே தெருக்களில் இரவில் அச்சமின்றித்தான் நடக்கிறார்கள், ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வந்து குடியமர்த்த முடியாது. ஆகவே இங்கும் பணமும் அனுமதியும் இருப்பவருக்கே முழு நிம்மதி. இதைச் சொல்லிவிட்டு, நானாக இருந்தால் போகமாட்டேன் என்பதையும் சொல்கிறேன். வில்லாவின் சாவி உங்களிடம் இருக்கும், காரின் சாவி பெரும்பாலும் உங்கள் கணவர் பையில் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் வீட்டையும் கணக்கில் சேருங்கள். வீவக வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட நிரந்தரவாசிகளுக்கு அனுமதி இல்லை. போவதென்றால் விற்கத்தான் வேண்டியிருக்கும். வெளிநாடு போனாலும் நிரந்தரவாசத்தைத் தக்கவைக்கும் மறுநுழைவு அனுமதி எப்போது முடிகிறது என்று பாருங்கள், வெளியே இருந்துகொண்டு புதுப்பிப்பது எளிதல்ல. மகன் இருந்தால் தேசிய சேவையும் (ராணுவம் போன்ற கட்டாயப் பணியும்) உண்டு: சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிறகு இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகும்.

உட்லண்ட்ஸ்வாசி:
மூவருக்கும் நன்றி. மகனுக்குப் பதினொரு வயது. தேசிய சேவை எங்கள் நினைவிலேயே இல்லை. வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்பது இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பெரிய பேச்சாகும்.

நிறுவனம் எங்களைப் பிப்ரவரியில் ஒரு வாரம் வந்து பார்க்கச் சொல்கிறது.

கிழக்கு மாகாணத்தான்:
பிப்ரவரியில் ஜுபைல் ஊட்டி மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். முடிந்தால் ஜூலையில் போங்கள். அதில் ஒரு நாள் கணவரை ஆலைக்கு அனுப்பிவிட்டு, கார் இல்லாமல், மகளோடு நீங்கள் மட்டும் இருந்து பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
தேதியை மாற்ற முடியுமா என்று நாளையே கேட்கச் சொல்கிறேன்.