தகரத்துக்கு அடியில் கட்டுவிரியன்

பாம்பு பார்த்த அனுபவம் கேட்டால், இங்கே எல்லாரும் ராட்டில் ஸ்நேக் (வாலைக் கிலுகிலுவென்று ஆட்டும் அமெரிக்க விஷப்பாம்பு) கதையாகவே சொல்கிறீர்கள். என் பங்குக்கு ஒரு கிங்ஸ்நேக்.

கலிபோர்னியாவில், டயப்ளோ மலைப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. ஏப்ரல் மாதம், மழை விட்டு இரண்டு நாள் வெயில். கூட வந்த ஆபீஸ் நண்பர் பாம்பு தேடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். பண்ணைக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். இந்த ஊரில் பாம்பைப் பிடிக்க மீன்பிடி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிரிக்காதீர்கள், சட்டமே அப்படித்தான்.

கிடக்கிற பலகை, தகரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பதுதான் வேலை. எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கியால் மாட்டி நம் பக்கம் தூக்க வேண்டும். உள்ளே ராட்டில் ஸ்நேக் இருந்தால் நமக்கும் அதற்கும் குறுக்கே பலகை நிற்கும். பார்த்து முடித்ததும் பலகையை இருந்தபடியே படுக்க வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் அடியிலுள்ள ஈரம் காய்ந்து, பிறகு அங்கே ஒன்றும் தங்காது. இந்த விஷயத்தில் நண்பர் ரொம்பக் கறார்.

முதல் ஏழெட்டுப் பலகையில் எறும்பும் ஒரு கருப்பு விதவைச் சிலந்தியும்தான். அப்புறம் பென்சில் தடிமனில் ஒரு ரிங்நெக் பாம்பு. வாலைச் சுருட்டி, செக்கச்செவேலென்ற அடிப்பக்கத்தைக் காட்டி மிரட்டியது. வேலியோரம் காய்ந்த புல்லில் 'சர்ர்ர்' என்று சத்தம் வர, நான் நாலடி தள்ளி நின்றேன். கோபர் ஸ்நேக்காம். விஷமில்லாத நம்ம சாரை மாதிரி ஆள். தலையைத் தட்டையாக்கி, வாலைப் புல்லில் ஆட்டி ராட்டில் ஸ்நேக் வேஷம் போடுகிறது.

கடைசித் தகரம். தூக்கினால், கருப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுகள்.

எனக்குக் கால் தானாகப் பின்னால் போனது. சிவகங்கைப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது கட்டுவிரியன், வேறென்ன? நண்பரோ குனிந்து சாவகாசமாக அள்ளிக்கொண்டார். மூன்றடிக்கு மேலிருக்கும். நிதானமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது: கட்டுவிரியனுக்குக் கட்டுகள் மெல்லிசு, தலைப்பக்கம் போகப்போக மங்கிவிடும். இதற்கு அகலமான பட்டைகள், முகத்திலும் வெள்ளை.

இதுதான் கிங்ஸ்நேக். பெயரில் 'கிங்' இருந்தாலும் ராஜநாகத்துக்கும் இதற்கும் சொந்தமில்லை. இது விஷமில்லாதது, நெரித்துத்தான் கொல்லும். ஆனால் இரண்டும் மற்ற பாம்புகளைத் தின்னும், ராஜா பட்டம் அதனால்தான். ராட்டில் ஸ்நேக் விஷத்தைத் தாங்கும் சக்தி இதன் ரத்தத்திலேயே இருக்கிறது. இதன் வாடை பட்டால் ராட்டில் ஸ்நேக் கொத்த வராதாம். நடு உடம்பை வளைத்து மேலே தூக்கித் தள்ளப் பார்க்குமாம். அதை நேரில் பார்க்க எனக்கு ஆசை, கொஞ்சம் தூரத்திலிருந்து.

"பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். ஒரு விரலால் தொட்டேன். அதற்கே கழிவையும் ஏதோ வாடைத் திரவத்தையும் அவர் கையிலும் என் சட்டையிலும் பீச்சிவிட்டது. வீடு வரைக்கும் கார் ஜன்னலை ஏற்றவே முடியவில்லை.

ராத்திரி அப்பத்தாவுக்கு வீடியோ அனுப்பினேன். விஷமில்லை, இந்த ஊர்ப் பாம்பு என்று போனில் பத்து நிமிஷம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது:

"அது கட்டுவிரியன்தான்யா. அந்தப் புள்ளைகிட்ட சொல்லிரு."