கொழும்பு–இலண்டன்: போக 6 மணி, வர 16 மணி. உண்மையான பறப்பு நேரம் எது?

கேள்வி: டிக்கோயா வாசகர்
அனைவருக்கும் வணக்கம். என் மகள் மேற்படிப்புக்காகப் பெப்ரவரியில் முதன்முறையாக இலண்டன் செல்கிறாள். கட்டுநாயக்கவிலிருந்து பகல் 1.00 மணிக்குப் புறப்படும் நேரடி விமானம் அன்றிரவு 7.00 மணிக்கு ஹீத்ரோவை அடையும் என்றும், சில நாட்களில் நான் மட்டும் திரும்பும் விமானம் இரவு 8.30க்குக் கிளம்பி மறுநாள் பகல் 12.30க்கு இங்கு இறங்கும் என்றும் பயணச்சீட்டில் உள்ளது. தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். வேகம் மணிக்கு 900 என்று வைத்து வகுத்தால் 9 மணி 40 நிமிடம் வருகிறது. அது 6க்கும் ஒத்துவரவில்லை, 16க்கும் ஒத்துவரவில்லை. முகவரிடம் கேட்டால், "அது அப்படித்தான் ஐயா" என்கிறார். அச்சுப் பிழையாக இருக்குமா?

பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்
பிழை இல்லை ஐயா. புறப்படும் நேரத்தை அந்த ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரத்தைச் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் போடுவதே வழக்கம். பெப்ரவரியில் இலண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். ஆகவே போகும்போது அதைக் கூட்டினால் பதினொன்றரை மணி, வரும்போது கழித்தால் பத்தரை மணி. நேர வித்தியாசமே தெரியாதவருக்கும் ஒரு வழி உண்டு: சீட்டு காட்டும் 6ஐயும் 16ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 11 வரும். ஒரு திசையில் குறைந்து காட்டும் நேரம் மறு திசையில் அதே அளவு கூடிக் காட்டுவதால், இரண்டும் தாமாகவே அடிபட்டுப் போகின்றன. ஆனால் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரித்தானியாவில் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். திரும்பும் நாளை அதற்குள் மாற்றினால் இந்தக் கணக்கு அரை மணி பிசகும்.

பதில்: நுவரெலியா வாசகர்
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். போக வர உள்ள ஒரு மணி வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காற்றே காரணம்: உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுவாக இருக்கும், போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னிருந்து தள்ளும் காற்று. உங்கள் 9.40 குறைவாக வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 8,700 என்பது உலக உருண்டையின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. அக்கோடு கருங்கடலையும் தெற்கு உக்ரைனையும் கடக்கிறது. உக்ரைனின் வான்பரப்போ 2022 பெப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளதால், விமானம் சுற்றித்தான் போக வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் சீட்டின் கணக்கில் அடங்கும்.

கேள்வியாளர்
மிக்க நன்றி. டோஹா வழியாகச் சென்றால் விலை குறைவாம், ஆனால் 17 மணி நேரம் என்கிறார்கள். அவ்வளவு சுற்றா?

பதில்: பண்டாரவளை
சுற்று அதிகமில்லை ஐயா. கொழும்பிலிருந்து டோஹா ஏறக்குறைய 3,600, அங்கிருந்து இலண்டன் 5,200. மொத்தம் 8,800 கிலோமீற்றர்தான். எஞ்சிய நேரம் டோஹாவில் காத்திருப்பது. நீங்களும் கூடவே போவதால் பிள்ளை தடுமாற மாட்டாள்; இருந்தாலும் பெட்டிகளோடு முதல் பயணம் என்பதால் நான் நேரடி விமானத்தையே எடுப்பேன். உங்கள் பக்கத்து ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் குறைவென்றாலும், கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் மணிக்கு 900 எல்லாம் செல்லாது. 10 மணிக்காவது அங்கே நிற்க வேண்டுமென்பதால், வான் சாரதியை அதிகாலை 4 மணிக்கே வரச் சொல்லுங்கள். மழையென்றால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள்.