மழை வந்தா படியை எண்ணுறான்

முடிச்சூர்அம்மா:

என் பையனுக்கு ஆறு வயசு, ஒண்ணாங்கிளாஸ். மூணு வயசுலயே ராத்திரி படுக்கையை நனைக்கிறதை விட்டவன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. வாசல்ல மூணு படி. அன்னிக்கு ராத்திரி முழுக்க எங்க வீட்டுக்காரர் டார்ச் அடிச்சுப் பார்த்து, "ரெண்டாவது படி போச்சு... மூணாவதும் போச்சு"ன்னு சத்தமா சொல்லிட்டே இருந்தார். பையன் கட்டில்ல முழிச்சுட்டுதான் கிடந்திருக்கான், நாங்க கவனிக்கல. மறுநாள் படகுல ஏத்தி மெயின்ரோட்டுல விட்டாங்க. அங்கேருந்து குரோம்பேட்டையில எங்க அண்ணன் வீடு.

பதினோரு நாள் கழிச்சு வீட்டுக்குத் திரும்பினதுலேருந்து படுக்கை நனையுது. மழையே இல்லாத மாசத்துலயும் வாரத்துக்கு ரெண்டு தடவை. மழை பெஞ்சா கேட்கவே வேணாம். ஸ்கூல் பையைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுட்டு, ஜன்னல் வழியா படியை எண்ணுவான். மாடித் தொட்டி நிரம்பி வழியற சத்தத்துக்குக்கூட எழுந்துடறான். கிளாஸ்ல கவனமே இல்லன்னு மிஸ் டைரியில எழுதி அனுப்புறாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இங்க என்னை யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின், பைக் எல்லாம் போச்சு. வீட்டுக் கடன் வேற. அதுலேருந்து எங்களுக்குள்ள தினம் சண்டைதான். "இந்தப் பள்ளத்துல வீடு வாங்கச் சொன்னது யாரு"ன்னு ஆரம்பிச்சா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போகும்.

தண்ணி நின்னது சில நாள்தான். அது பிள்ளையோட மூளையை நிரந்தரமா ஏதாவது பண்ணிடுமா?

சுந்தரிபாட்டி:

திருஷ்டி சுத்திப் போடும்மா. எங்க வீட்ல ரெண்டு பசங்க பத்து வயசு வரைக்கும் நனைச்சாங்க. இப்ப ஒருத்தன் இன்ஜினியர்.

குழந்தைவைத்தியர்:

திருஷ்டி கழிங்க, தப்பில்ல. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை மறுபடி ஆரம்பிச்சா முதல்ல உடம்பைப் பார்க்கணும்: சிறுநீர்ல கிருமி, சர்க்கரை, மலச்சிக்கல். இதுக்காக அவனைத் திட்டவோ, வேற யார் முன்னாலயும் சொல்லிக் காட்டவோ கூடாது.

பயந்தா உடம்புல கார்ட்டிசால்ங்கற பதற்ற ஹார்மோன் ஏறும். பெரியவங்க ஒருத்தர் அணைச்சுக்கிட்டா இறங்கிடும். இறங்கவே விடாம மாசக்கணக்கா ஓடினாத்தான் தூக்கம், கவனம், ஞாபகம்னு ஒவ்வொண்ணையா தொடும். எனக்கு வெள்ளத்தை விட அந்தப் பன்னிரண்டு மணிதான் கவலையா இருக்கு.

நிரந்தரமான்னு கேட்டீங்க. ஹவாயில காவாய்ங்கற தீவுல 1955ல பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயசு வரைக்கும் விடாம கவனிச்சாங்க. வறுமை, வீட்டுச் சண்டைன்னு பல சுமையோட வளர்ந்தவங்கள்லயே மூணுல ஒரு பங்கு நல்லாவே தலையெடுத்தாங்க. பாட்டியோ டீச்சரோ, ஒட்டிக்க ஒரு ஆளாவது அவங்களுக்கு இருந்திருக்கு. உங்க பையன்கிட்ட ரெண்டு பேர் இருக்கீங்க. பேசணும்னு தோணினா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

நாகைக்காரன்:

அக்கா, நான் கீச்சாங்குப்பம். 2004ல சுனாமி வந்தப்ப எனக்கு எட்டு வயசு. அலை வந்துட்டுப் போனது கொஞ்ச நேரம். அதுக்கப்புறம் தார் ஷீட் கொட்டகையில கிடந்ததுதான் நீளம். வெயில்ல உள்ள இருக்க முடியாது, ராத்திரியில அப்பா குடிச்சுட்டு அழுவார். எனக்கு இன்னிக்கும் கடல் பயமில்ல, தொழிலுக்குப் போறேன். ஆம்பளை அழற சத்தம் கேட்டாதான் வயித்தைக் கலக்கும்.

எனக்கு எங்க பெரியம்மா இருந்தா. நான் பயந்தா "பயப்படாதே"ன்னு சொல்லவே மாட்டா. "வா, பார்த்துட்டு வருவோம்"னு கையைப் பிடிச்சுக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவா. தண்ணி நிக்கிற இடத்துக்கு மேல ஒரு குச்சியை நட்டுட்டு வருவோம். காலையில குச்சி அங்கேயே நிக்கும்.

அன்னிக்குப் படியை எண்ணினது மாமாதானே? அவரே பையனோட போய் எண்ணட்டும்.

முடிச்சூர்அம்மா:

டெஸ்ட் எடுத்தாச்சு. கிருமியும் இல்ல, சர்க்கரையும் இல்ல. மலச்சிக்கல் இருக்குன்னு மருந்து குடுத்திருக்காங்க.

தம்பி எழுதினதை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. நேத்து ஒன்பது மணிக்கு நல்ல மழை. டார்ச்சைப் பையன் கையில குடுத்து "வாடா"ன்னார். குடையில போய் முதல் படிக்குக் கீழ ஒரு செங்கல்லை வெச்சுட்டு வந்தாங்க. பதினோரு மணிக்கு மறுபடி போனாங்க. "செங்கல் முழுசாத் தெரியுதும்மா"ன்னு வந்து சொன்னான்.

காலையில படுக்கை நனைஞ்சுதான் இருந்தது. ஸ்கூல் பை மட்டும் ஆணியிலேயே தொங்குச்சு.